தண்ணீர் ஊற்றத் தயங்காதீர்கள்: 133 புரூஃப் போர்பனைச் சுவைப்பது பற்றி

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் மதுச்சுவைப் பரிசோதகனாக வேலை செய்கிறேன். வார நாட்களில் ஆய்வுக்கூடத்தில் பீப்பாய் மாதிரிகளை முகர்ந்து குறிப்பெழுதுவேன். சனிக்கிழமைகளில் ஆர்வலர்களுக்குச் சுவைத்தல் வகுப்பு எடுப்பேன். சில வாரங்களுக்கு முன் அப்படி ஒரு வகுப்புக்கு, சிகாகோவில் இருந்து ஒரு தமிழ் இளைஞர் தன் மைத்துனருடன் வந்திருந்தார். நான் பேச ஆரம்பிப்பதற்குள், முன்னால் வைத்திருந்த 15 மில்லியையும் ஒரே மடக்கில் வாயில் ஊற்றிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. புரையேறி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. "என்ன மச்சான், மெதுவாகக் குடிக்கக் கூடாதா?" என்று மைத்துனர் அவர் தலையைத் தட்டிவிட்டார்.

இருமல் அடங்கியதும் வேறொரு கிளாஸில் மறுபடி 15 மில்லி அளந்து வைத்து, பக்கத்தில் தண்ணீரும் ஒரு தேக்கரண்டியும் வைத்தேன். அவர் தண்ணீரைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "தண்ணீர் ஊற்றினால் நல்ல விஸ்கியைக் கெடுத்தது போல ஆகிவிடாதா, அண்ணா?"

கென்டக்கியிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கடுமையான மதுவைக் கலக்காமல் குடிப்பதுதான் ரசனை, தாங்க முடியாதவர்தான் தண்ணீர் கலப்பார் என்ற எண்ணம் எல்லா ஊரிலும் இருக்கிறது. என் தொழிலில் நான் மாற்ற நினைப்பது இந்த ஓர் எண்ணத்தைத்தான். ஏற்கெனவே குடிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடிக்காதவர்கள் ஆரம்பிப்பதற்கு இதில் ஒரு காரணமும் இல்லை.

அன்று நான் ஊற்றியது எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப் என்ற போர்பன், அதாவது மக்காச்சோளத்தை முக்கியமாக வைத்து வடிக்கும் அமெரிக்க விஸ்கி. பேரல் புரூஃப் என்றால் தண்ணீர் கலக்காமல், பீப்பாயில் இருந்த கடுமையிலேயே பாட்டிலில் அடைத்தது. ஹெவன் ஹில் நிறுவனத்தின் தயாரிப்பு. லேபிளில் சி923 என்று ஒரு குறியீடு இருக்கும். சி என்றால் அந்த ஆண்டின் மூன்றாவது வெளியீடு, 9 என்றால் செப்டம்பர், 23 என்றால் 2023. வயது 13 ஆண்டு 7 மாதம். பல பீப்பாய்களைக் கலந்துதான் ஒரு பேட்ச் உருவாகிறது. அவற்றில் மிக இளைய விஸ்கியின் வயதைத்தான் லேபிளில் போட வேண்டும். ஆகவே அந்தப் பாட்டிலில் 13 ஆண்டு 7 மாதத்துக்குக் குறைந்தது ஒரு துளியும் கிடையாது.

அடுத்து அதன் கடுமையைச் சொல்லும் எண், 133 புரூஃப். நம்மவர்கள் தடுமாறும் இடம் இது. அமெரிக்கக் கணக்கில் புரூஃப் எண்ணைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம் வந்துவிடும்: 66.5. இந்தியாவில் விற்கும் விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீதம். அது பழைய பிரிட்டிஷ் அளவில் 75 டிகிரி புரூஃப். அந்த அளவில் 100 என்பது 57.1 சதவீதத்தைக் குறிக்கும். இரண்டு நாட்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். எந்த நாட்டுப் பாட்டிலாக இருந்தாலும் சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

லேபிளில் உள்ள எல்லாச் சொல்லுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. போர்பன் என்ற சொல்லுக்குச் சட்டம் காவல் இருக்கிறது: அமெரிக்காவில் தயாரித்திருக்க வேண்டும், தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புத்தம்புது ஓக் மரக் கலத்தில் ஊற வேண்டும், நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. ஸ்ட்ரெய்ட் என்று போட்டிருந்தால் குறைந்தது 2 ஆண்டு ஊறியது என்று நம்பலாம். பாட்டில்ட் இன் பாண்ட் என்பது 1897ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெயர்: ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50 சதவீதம். ஆனால் ஸ்மால் பேட்ச் என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எந்த அளவும் இல்லை. 20 பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான், 200 பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான். ஜிம் பீம் நிறுவனத்தின் புக்கர் நோ, 1988இல் தன் பெயரிலேயே தண்ணீர் கலக்காத, வடிகட்டாத போர்பனைக் கொண்டுவந்தார். 1992இல் அந்த நிறுவனம் அதையும் சேர்த்து ஸ்மால் பேட்ச் வரிசை என்று விற்க ஆரம்பித்த பிறகு இந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. அந்த இரண்டு சொற்களுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வயதும் சதவீதமும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டப்படி போர்பனைப் பீப்பாயில் இறக்கும்போது அது 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படியானால் 66.5 எங்கிருந்து வந்தது? இங்குள்ள பீப்பாய்க் கிடங்குகளில் பல ஏழு மாடி உயரம். கோடையில் மேல்மாடிக்கு ஏறினால் பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். அந்த வறண்ட சூட்டில் மரத்தின் வழியே ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாக வெளியேறுகிறது. உள்ளே மிஞ்சுவது ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகிறது. குளிர்ந்த, ஈரமான ஸ்காட்லாந்தில் இதற்கு நேர்மாறு. அங்கே வயது ஏற ஏறச் சதவீதம் இறங்கும். ஆவியாகிப் போவதை இங்கே தேவதைகளின் பங்கு என்கிறார்கள். ஆண்டுக்கு 3 அல்லது 4 சதவீதம் என்று வைத்தாலே 13 ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். 200 லிட்டர் பீப்பாயின் அடைப்பைத் திறந்து கவிழ்க்கும்போது, கருப்பட்டிப் பாகு நிறத்தில் கொட்டும் அந்தத் தாரை எவ்வளவு சீக்கிரம் மெலிந்து நின்றுபோகிறது என்று பார்த்தவர்கள் இதை மடக்கென்று விழுங்க மாட்டார்கள்.

மீதத்துக்கு நிறமும் மணமும் கொடுத்தது மரம். ஓக் மரத்தின் லிக்னின் வெப்பத்தில் சிதைந்து வனிலா மணம் தருகிறது. மரச் சர்க்கரைகள் கருகி, கரித்தட்டுக்கு அடியில் செந்நிறமாக ஒரு படலம் ஆகின்றன. பாகு வாசனை அங்கிருந்து வருகிறது. கிராம்பில் இருக்கும் அதே யூஜெனால் ஓக்கிலும் இருக்கிறது. தேங்காயை நினைவூட்டும் லாக்டோன்களும் உண்டு. இவற்றுடன் துவர்ப்பைத் தரும் டானினும் இறங்குகிறது. வயது கூடினால் சுவை கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாதது இதனால்தான். புதிய மரம், கடுங்கோடை என்றால் 15, 18 ஆண்டில் சில பீப்பாய்கள் கடுக்காயைக் கடித்தது போலத் துவர்த்துவிடும். அப்படிப்பட்ட பீப்பாய்களை நானே பலமுறை வேண்டாம் என்று குறித்திருக்கிறேன்.

இப்போது கிளாஸுக்கு வருவோம். அடி அகன்று வாய் குறுகிய, துலிப் மலர் வடிவக் கிளாஸ் நல்லது. 15 மில்லி போதும். ஒயினைப் போலச் சுழற்றாதீர்கள். ஆல்கஹால் ஆவிதான் முதலில் எழுந்து மூக்கைத் தாக்கும். ஐந்து, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு கிளாஸை முகவாய் உயரத்தில் பிடித்து, வாயைச் சற்றே திறந்து வைத்து, மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாய் திறந்திருந்தால் ஆவியின் குத்தல் பாதி குறையும். மூக்கு மரத்துப் போனால் உங்கள் சட்டைக் கையை ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுவதும் செய்வது அதுதான்.

முதல் மிடறு அரைத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். அது வாயைப் பழக்குவதற்கு மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நாக்கில் நெருப்பு வைத்தது போல எரிவது சுவையே கிடையாது. மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டுகிறது. 42 டிகிரி செல்சியஸ் சூட்டில் விழித்துக்கொள்ள வேண்டிய அந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் சுமார் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. உங்கள் உடம்புச் சூடே உங்களைச் சுடுகிறது. குழம்பில் காரம் தூக்கலாக இருந்தால் மல்லியும் சீரகமும் தெரியாது அல்லவா? அதே நிலைதான் இங்கும்.

தண்ணீர் இந்த இடத்தில்தான் வர வேண்டும். மதுத் தொழிலில் தரம் பார்ப்பவர்கள் மாதிரிகளைச் சுமார் 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் முகர்கிறார்கள். நானும் அப்படித்தான். குறைகள் ஒளிய இடமில்லாமல் அப்போதுதான் வெளியே வரும். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினி மாதிரி ஒன்றின் மூலம், விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் மூலக்கூறு, 45 சதவீதம் வரையிலான கலவையில் திரவத்தின் மேற்பரப்பிலேயே நிற்கிறது என்றும், 59 சதவீதத்தைத் தாண்டினால் ஆல்கஹால் சூழ்ந்துகொள்ள உள்ளே அமிழ்ந்துவிடுகிறது என்றும் காட்டினார்கள். மேற்பரப்பில் நிற்பதுதானே மூக்குக்கு வந்து சேரும்.

கணக்கு எளிது. 66.5 சதவீதப் போர்பன் 15 மில்லியில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 50 சதவீதம். இன்னொரு தேக்கரண்டி சேர்த்தால் 40. முதலில் சில சொட்டு, பிறகு அரைக் கரண்டி, பிறகு ஒன்று என்று போய், ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த இடம் 55இல் இருக்கலாம், 45இல் இருக்கலாம். சாதாரண பாட்டிலில் அந்த இடத்தைத் தயாரிப்பாளர் முடிவு செய்துவிடுகிறார். பீப்பாய்க் கடுமையில் வரும் பாட்டிலில் அந்தக் கடைசி வேலையை உங்கள் கையில் விட்டிருக்கிறார். நீங்கள் கொடுத்த கூடுதல் விலை அந்த உரிமைக்காகத்தான். குளோரின் வாடை இல்லாத தண்ணீராக இருக்கட்டும். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கி என்பதால் தண்ணீரோ ஐஸோ பட்டதும் சற்றுக் கலங்கலாம். கொழுப்பமில எஸ்டர்கள் திரள்வதால் வரும் கலங்கல் அது, கலப்படம் அல்ல.

மிக முக்கியமானதை இங்கே சொல்ல வேண்டும். தண்ணீர் எரிச்சலைக் குறைக்கிறது, ஆல்கஹாலைக் குறைப்பதில்லை. 15 மில்லியில் இருந்த சுமார் 8 கிராம் ஆல்கஹால், ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாலும் 8 கிராம்தான். எரிச்சல் போனதும் கை தானாக அடுத்த ஊற்றலுக்கு நீளும். ஆகவே முதலில் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள். தண்ணீர் அதற்குப் பிறகு. ஊரில் 60 மில்லி ஊற்றிப் பழகிய கை இங்கும் 60 ஊற்றும். 42.8 சதவீதத்தில் அது சுமார் 20 கிராம் ஆல்கஹால், 66.5இல் 31 கிராமுக்கு மேல். அமெரிக்கா ஒரு பானம் என்று கணக்கிடுவது 14 கிராம். இரண்டு பானத்துக்கும் மேல் ஒரே கிளாஸில் போய்விடுகிறது, ஆனால் குடிப்பவர் ஒன்றுதான் குடித்தேன் என்று உறுதியாக நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு கார்ச் சாவியை எடுத்தவர்களிடம் நான் கெஞ்சியிருக்கிறேன், சண்டையும் போட்டிருக்கிறேன். இங்கு பெரும்பாலான மாநிலங்களில் ரத்தத்தில் 0.08 சதவீதம் வரம்பு, இந்தியாவில் 0.03. வரம்புக்குள் இருக்கிறேனா என்று கணக்குப் போட வேண்டிய நிலை வந்தாலே வண்டியைத் தொடாதீர்கள்.

ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988லேயே முதல் பிரிவில் சேர்த்துச் சொல்லிவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023இல் அந்த நிறுவனம் மறுபடியும் சொன்னது. விலை உயர்ந்த, வயது முதிர்ந்த விஸ்கிக்கு இதில் விலக்கு கிடையாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் இதை ருசிக்காகக்கூடத் தொட வேண்டாம். வேலையில் நான் முகர்ந்த பிறகு சுவைத்துத் துப்பிவிடுகிறேன். வகுப்பிலும் ஒவ்வொருவர் முன்னும் துப்புவதற்கு ஒரு குவளை வைக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு தகவல். 70 சதவீதத்தைத் தாண்டிய மதுவைக் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, ஏற்ற அனுமதி இல்லை. சில போர்பன்கள் அந்த எல்லையைத் தாண்டுகின்றன; வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள். இந்தியச் சுங்கத்தில் வரியில்லாமல் 2 லிட்டர்தான்.

அந்த இளைஞர் கடைசியில் ஒரு தேக்கரண்டி ஊற்றினார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "பட்டை, அண்ணா. அப்புறம் கருப்பட்டிக் காபி" என்றார். இன்னும் அரைக் கரண்டி ஊற்றியதும் வறுத்த கடலைத் தோல் வாசனை வருகிறது என்றார். இரண்டு மிடறு சுவைத்துவிட்டு மீதியைக் குவளையில் கொட்டினார். முதலில் விழுங்கியதே போதும் என்றார். காரை ஓட்ட வேண்டிய மைத்துனர் அன்று ஒரு சொட்டும் தொடவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்தபோது, காலியான அந்தக் கிளாஸை மைத்துனர் எடுத்து முகர்ந்தார். ஆல்கஹால் பறந்துபோய் உலர்ந்த கிளாஸில் மரத்தின் வாசனை மட்டும்தான் தங்கும். நெடுநேரம் மூக்கிலேயே வைத்திருந்துவிட்டு, "பாட்டி வீட்டில் வெல்லம் வைத்திருந்த மரப்பெட்டி" என்றார். பிறகு கிளாஸை மேசையில் வைக்காமல் மச்சானிடம் நீட்டினார்.