ஹேமக்: வலையூஞ்சலா, தூளியா?

தூங்கு என்ற சொல்லின் பழைய பொருள் தொங்கு என்பதுதான். தூங்கணாங்குருவி என்ற பெயர் அது உறங்குவதால் வரவில்லை. கூட்டை ஓலை நுனியில் தொங்கவிடுவதால் வந்தது. சோழன் ஒருவன் அழித்ததாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் 'தூங்கெயில்' ஆகாயத்தில் தொங்கிய கோட்டை. மலையாளத்தில் இன்றைக்கும் தூங்குக என்றால் தொங்குவதுதான்; கண் மூடிப் படுப்பதற்கு அவர்களிடம் உறங்குக என்று தனிச்சொல் இருக்கிறது. 'தூங்குக தூங்கிச் செயற்பால' என்ற குறளில் இதே சொல் காலம் தாழ்த்துவதைக் குறிக்கிறது. தொங்குவது, மெல்ல ஆடுவது, தாமதிப்பது, கண்ணயர்வது எல்லாவற்றுக்கும் ஒரே வேர்.

இப்படிப்பட்ட மொழியில், தொங்கியபடி உறங்கும் படுக்கைக்குப் பெயர் இல்லாமல் போகுமா? ஆனாலும் அந்தப் படுக்கையின் ஆங்கிலப் பெயரான ஹேமக் (hammock) என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டால் பலர் தயங்குகிறார்கள். வலையூஞ்சல், தொங்குபடுக்கை, தூங்குமஞ்சம், ஊஞ்சல் கட்டில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காட்டில் ஹேமக் கட்டி இரவைக் கழிக்கிற மலையேறுபவருக்கு இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. பெயர் தப்பாக இருந்தால் கடையில் வாங்குகிற பொருளும் தப்பாகிவிடும்.

சரி, முதலில் ஹேமக் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல் அது. அவர்கள் வாயில் ஹமாக்கா. 1492இல் கொலம்பஸ் அந்தத் தீவுகளில் இறங்கியபோது, பருத்தி நூலில் பின்னிய வலைபோன்ற படுக்கைகளில் மக்கள் உறங்குவதைப் பார்த்து எழுதி வைத்தார். ஈரத் தரை, எறும்பு, பாம்பு எதுவும் எட்டாத உயரத்தில், காற்று கீழேயும் மேலேயும் போகும்படி அமைந்த படுக்கை. ஸ்பானியர்கள் அதை ஹமாக்கா என்றே எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது. ஹரிக்கேன், கனூ, பார்பெக்யூ எல்லாம் அதே தைனோ வழியில் வந்த சொற்கள்தான்.

இதில் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. கொய்யா என்று நாம் சொல்வது போர்த்துகீசியர்களின் கொயாபாவிலிருந்து வந்தது. அதன் வேரும் தைனோவை உள்ளடக்கிய அரவாக் மொழிக் குடும்பத்தில் இருக்கிறது. அதாவது ஹேமக்கின் ஒன்றுவிட்ட சகோதரி நம் தோட்டத்தில் பல தலைமுறையாகக் காய்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஹேமக் ஐரோப்பாவில் கப்பல் படுக்கையாகத்தான் பரவியது. வலை போய் கித்தான் துணி வந்தது. கப்பல் சாயும்போது கட்டில் சாயும், ஆள் உருளுவார். தொங்குகிற துணி சாயாமல் நேராகவே நிற்கும். பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஒரு மாலுமிக்கு ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம்தான். காலையில் சுருட்டிக் கட்டிக் கப்பலின் ஓரத்தில் அடுக்கிவிடுவார்கள், சண்டையில் அது குண்டுகளுக்குத் தடுப்பாகவும் ஆகும்.

டச்சுக்காரர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. புரியாத அந்நியச் சொல்லை அவர்கள் தங்கள் காதுக்குப் புரிகிற மாதிரி திருத்தி, ஹாங்மாட் ஆக்கினார்கள். ஹாங் என்றால் தொங்கு, மாட் என்றால் பாய். தொங்குபாய்! மூலச் சொல்லில் தொங்குதலும் கிடையாது, பாயும் கிடையாது. ஜெர்மானியர்களின் ஹெங்கமாட்டவும் இப்படிப் பிறந்ததுதான். இதைப் படித்தவுடன் எனக்கு நம் தார்ப்பாய் நினைவுக்கு வந்தது. டார்பாலின் என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பகுதி தார் பூசியதைக் குறிக்கிறது. பின்பகுதிக்கு நம் பாயோடு எந்தத் தொடர்பும் இல்லை. கேட்ட தமிழர் அதைப் பாய் என்றே வைத்துக்கொண்டார். தார் பூசிய பாய், விரிக்கலாம், மூடலாம், எல்லாம் பொருந்திவிட்டது. இன்று மழைக்கு லாரியை மூடுகிற யாரும் தார்ப்பாயை அந்நியச் சொல்லாக நினைப்பதில்லை. டச்சுக்காரரின் தொங்குபாயும் நம் தார்ப்பாயும் ஒரே பாணியில் பிறந்தவை. மலையேறுபவரின் மூட்டையிலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும், ஒன்று படுக்க, ஒன்று மேலே கட்ட.

இனி தமிழ்ப் பெயர். வலையூஞ்சல் என்ற சொல் தைனோ மக்களின் பருத்தி வலைக்கு மிகப் பொருத்தம். தோட்டத்தில் மாலை நேரத்தில் சாய்ந்து படிக்கக் கட்டுகிற கயிற்று வலைக்கும் பொருத்தம். நீண்ட நடைக்கு அது உதவாது. வலை கனமானது, பொத்தானில் மாட்டும், முதுகில் தடம் பதிக்கும், நனைந்தால் உலராது. இன்று மலைக்குப் போகிறவர்கள் எடுத்துச் செல்வது வலை கிடையாது. நீளமான ஒரே துணி, இரண்டு முனையிலும் கொசுவிச் சுருக்கிக் கட்டியது. இப்படிச் சொன்னதும் எந்தத் தமிழ் வீட்டிலும் ஒரு பொருள் கண்ணில் வரும். தமிழ்நாட்டில் அதற்குத் தூளி என்று பெயர், இலங்கையில் ஏணை.

அம்மாவின் பழைய நூல் சேலையை மடித்து, முனைகளைச் சேர்த்து உத்தரத்தில் முடிந்தால் தூளி. அதே கட்டமைப்பு, அதே கொசுவல். இந்தப் பெயருக்கு இரண்டு மறுப்பு வரும். ஒன்று, தூளி என்றால் குழந்தைதான் படுக்கும். இன்னொன்று, தூளி ஒரே இடத்தில் தொங்கும், ஹேமக் இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கும். இரண்டுக்கும் பதில் நம் மலைக்கிராமங்களில் இருக்கிறது. சாலை போகாத ஊர்களில் நோயாளியைத் துணியில் கிடத்தி, முனைகளை ஒரு மூங்கிலின் இரு பக்கமும் கட்டி, தோளில் சுமந்து இறக்குகிறார்கள். டோலி என்கிறார்கள். பெரியவர் படுக்கும், இரு முனையில் தொங்கும் துணி அது. ஆகவே தூளி என்ற சொல்லைக் கொஞ்சம் அகலப்படுத்துவதில் தவறே இல்லை. குழந்தைத் தூளியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமானால் மலைத்தூளி என்று சொல்லலாம். ஈழத்தவர் மலையேணை என்றால் அதுவும் அழகுதான்.

இரண்டாவது மறுப்பில் ஓர் உண்மை மட்டும் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. வீட்டுத் தூளியின் இரு முனையும் ஏறக்குறைய நேர் மேலே போகின்றன. ஆகவே ஒவ்வொரு முனையும் பாதி எடையைத்தான் தாங்குகிறது. இரு மரத்துக்கு நடுவே கட்டும்போது கணக்கு மாறுகிறது. கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 80 கிலோ இழுவிசை. தொய்வே இல்லாமல் விறைப்பாக இழுத்து 10 பாகையில் கட்டினால், அதே ஆளுக்கு ஒரு பக்கம் சுமார் 230 கிலோ! விறைப்பாகக் கட்டினால்தான் உறுதி என்று நம் கை நினைக்கும். துணி கிழிவதும் முடிச்சு நழுவுவதும் அதனால்தான். தொய்வாகக் கட்டி, மூலைவாட்டத்தில் படுக்க வேண்டும். தலை ஓர் ஓரம், கால் எதிர் ஓரம். அப்போதுதான் முதுகு வில்லாக வளையாமல் ஓரளவு சமமாகக் கிடக்கும். இதற்குத் துணி நீளமாக வேண்டும். வளர்ந்த ஆளுக்கு 3.3 மீட்டர் என்பது நல்ல அளவு. அளவு குறைத்து எடை மிச்சம் பிடிக்கிறவர்கள் இரவில் அதற்கு விலை கொடுப்பார்கள்.

தினமும் இதே தொய்வு வர, இரு முனைக்கும் நடுவில் மேலே ஒரு மெல்லிய கயிறு கட்டுவது வழக்கம். துணி நீளத்தில் 83 சதவீதம் அதன் நீளம், அதாவது 3.3 மீட்டர் துணிக்கு ஏறத்தாழ 2.74 மீட்டர். வீட்டுக் கூரையின் உச்சியை நாம் முகடு என்கிறோம். இதை முகட்டுக் கயிறு என்றால் விளக்கம் தேவைப்படாது.

எங்கே இதெல்லாம் தேவை? அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்னின் கட்டாடின் மலை வரை, 14 மாநிலங்கள் வழியாக, சுமார் 3,500 கிலோமீட்டர். நடந்து முடிக்கப் பெரும்பாலும் 5 முதல் 7 மாதம் ஆகும். பாதையின் பெரும்பகுதி அடர்ந்த காடு. சரிவும், வேரும், ஈரமும், பென்சில்வேனியாவில் கூரான கற்களும் நிறைந்த தரை. கூடாரம் போடச் சமதரை தேடி அலைகிற இடத்தில் தூளிக்காரருக்கு இரண்டு உயிருள்ள உறுதியான மரம் போதும். ஆனால் நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மலைகளில் மரமே வளராத உயரங்களும் உண்டு. அங்கே மாலைக்குள் காட்டுக்குள் இறங்கிவிட வேண்டும்.

இத்தனை மாதம் தாங்க வேண்டிய துணியை எப்படித் தேர்ந்தெடுப்பது? பெட்டியில் டெனியர் என்று ஓர் எண் இருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். காஞ்சிபுரத்தில் பட்டு நூல் வாங்குகிறவர்களுக்கு இது பழகிய சொல். மூலத்தில் அது பிரெஞ்சுக்காரர்களின் சின்ன நாணயம்; அந்தப் பெயர் ரோமானியரின் டெனாரியஸிலிருந்து வந்தது. கொங்கு நாட்டில் பானை பானையாகப் புதையல் கிடைத்ததே, அந்த வெள்ளிக் காசு! 70 டெனியர் நைலான் தூளி முரட்டுத்தனமாகப் பயன்படுத்தினாலும் தாங்கும், ஆனால் அரைக் கிலோ வரை இருக்கும். 20 டெனியர் அதில் பாதியும் இருக்காது, ஆனால் சட்டைப்பையில் சாவி இருந்தாலே ஆபத்து. நெடுநடைக்கு 30, 40 டெனியர் பக்கம் நிற்பதே நல்லது என்பது என் கருத்து. நூறு கிராமுக்கு ஆசைப்பட்டு, நடுக்காட்டில் கிழிந்த துணியோடு தரையில் படுப்பதில் லாபம் இல்லை. குறுக்கும் நெடுக்கும் தடித்த நூல் ஓடும் கட்டம்போட்ட நெசவா என்று பாருங்கள். கிழிசல் அந்தக் கட்டத்தோடு நிற்கும். வெயிலில் காயப்போட்டு மறந்துவிடாதீர்கள், நைலானை வெயில் மெல்ல அரித்துவிடும்.

மரத்தைச் சுற்றிக் கட்ட மெல்லிய கயிறு கூடாது, குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலமுள்ள, நாடா போன்ற பட்டை வேண்டும். மரத்தின் பட்டைக்குள்தான் அதன் உணவு ஓடுகிறது. பட்டையைக் காப்பாற்றப் பட்டை! பாலியெஸ்டரில் வாங்குங்கள். நைலான் பட்டை ஈரத்தில் நீளும், நள்ளிரவில் முதுகு தரையைத் தொடும். பட்டைக்கும் துணிக்கும் நடுவே டைனீமா என்ற வலுவான செயற்கை இழையில் செய்த கயிறு. 3 மில்லிமீட்டர்கூட இல்லாத கயிறு 700 கிலோ வரை தாங்கும், தண்ணீரும் குடிக்காது. ஆனால் அதன் மேல்பரப்பு வழவழப்பானது, நம் சாதாரண முடிச்சுகள் நழுவிவிடும்; கயிற்றின் முனையை அதன் புரிக்குள்ளேயே செருகிச் செய்த கண்ணி உள்ளதாக வாங்க வேண்டும். நெருப்பருகே வைக்கவே கூடாது, 150 பாகை செல்சியஸ் பக்கத்திலேயே உருகிவிடும்.

முதன்முறை போகிறவர்கள் மறப்பது முதுகுக் குளிரை. உள்ளே விரித்த போர்வை உடம்பின் எடையில் நசுங்கிவிடும், நசுங்கியது வெப்பம் காக்காது. கீழே ஓடுகிற காற்று சூட்டை எடுத்துப் போய்விடும். அதனால் தூளிக்கு வெளியே, அடியில், நசுங்காதபடி ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். அடிப்போர்வை என்று சொன்னால் போதும். அதற்குள் அடைக்கிற வாத்தின் மென்மயிருக்கு இறகு என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. இறகு தண்டுள்ளது. தண்டில்லாத மென்மயிருக்கு நம்மிடம் தூவி என்ற பழஞ்சொல் இருக்கிறது. அன்னத்தின் தூவி அடைத்த அணையைச் சங்கப் பாடல் அரசியின் கட்டிலில் விரித்திருக்கிறது. தூவி நனைந்தால் சூடு தராது, அதனால் மேலே தார்ப்பாய் இறுக்கமாக வேண்டும்.

இனி மூட்டைப் பட்டியலைத் தமிழிலேயே எழுதிவிடலாம். மலைத்தூளி 300 கிராம், பட்டையும் கயிறும் 150, கொசுவலை 200, தூவி அடைத்த அடிப்போர்வை 550, தார்ப்பாய் 350, அதைத் தரையில் இழுத்துக் கட்ட முளைகள் ஆறு, 60. எல்லாம் சேர்த்து ஒரு கிலோ அறுநூற்றுப் பத்து கிராம்.