நல்ல சீட்டு கையில் இருக்க, எதிரே அடித்து ஆடுபவர்

2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்து மத்தியச் சட்டம் வந்த பிறகு, மொபைலில் போக்கர் பழகிய பலர் கோவா கேசினோ மேசைகளைத் தேடி வருகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களின் கணக்கைப் பார்த்தால், பெரிய நஷ்டம் மோசமான சீட்டில் வருவதில்லை. நல்ல சீட்டில்தான் வருகிறது. அதுவும் எதற்கெடுத்தாலும் ரைஸ் அடிக்கும் (பந்தயத் தொகையை ஏற்றும்) ஒருவர் எதிரே இருக்கும்போது.

கையில் தரும் இரண்டு சீட்டும் ஏஸாக அமையும் ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். நேரடி மேசையில் மணிக்கு 25, 30 ஆட்டம்தான் ஓடும். ஏழெட்டு மணி நேரம் காத்திருந்து கிடைத்த சீட்டு; அதுவரை அந்த ஆள் நம்மைத் திரும்பத் திரும்ப ஃபோல்டு செய்ய (சீட்டைப் போட்டுவிட்டு விலக) வைத்திருப்பார். கோபமும் ஆசையும் சேர்ந்துகொள்கின்றன.

சிலர் ஏஸ் ஜோடியை மறைத்துக்கொண்டு, அவருடைய ரைஸுக்கு வெறும் கால் போடுகிறார்கள் (ஏற்றாமல் அதே தொகையை மட்டும் கட்டுகிறார்கள்). பின்னாலேயே இன்னும் மூன்று பேர் உள்ளே வந்துவிடுவார்கள். ஏதோ ஒரு சீட்டோடு வரும் ஒருவருக்கு எதிராக ஏஸ் ஜோடி ஜெயிக்க 85 சதவீத வாய்ப்பு. நான்கு பேர் என்றால் அது 56 சதவீதம். அதனால் ஃப்ளாப்புக்கு (மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விழும் முதல் மூன்று சீட்டு) முன்னால் தயங்காமல் பெரிதாக ரீ-ரைஸ் செய்யுங்கள். அடித்து ஆடுபவர் எப்படியும் உங்களை நம்பப் போவதில்லை.

ஃப்ளாப் விழுந்த பிறகு கதை வேறு. 100/200 மேசை (இருவர் கட்டாயமாக வைக்கும் தொடக்கத் தொகைகள்), இருவரிடமும் 40,000 சிப்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அவர் 800 ரைஸ். நீங்கள் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக முறை வரும் இடம்), கையில் இரண்டு எட்டோடு கால். மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஃப்ளாப்பில் ராஜா, எட்டு, மூன்று. மூன்று சீட்டும் வெவ்வேறு இனம்; உங்களிடம் இப்போது மூன்று எட்டு. அவர் 1,200 போடுகிறார். இங்கே ரைஸ் அடித்தால் அவருடைய பிளஃப் (நல்ல சீட்டு இல்லாமல் மிரட்டுவது) எல்லாம் அந்த இடத்திலேயே செத்துவிடும். கால் மட்டும் போடுங்கள். டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) மீதி இருந்த நாலாவது இனத்தில் ஜாக் வர, அவர் 3,000. மறுபடி கால். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு) நாலு விழுந்து அவர் 8,000 வைக்கும்போது, சரி, இப்போது 22,000க்கு ரைஸ். உங்களை ஜெயிக்க அவரிடம் ராஜா ஜோடியோ ஜாக் ஜோடியோ இருக்க வேண்டும். மீதி எல்லாமே உங்களுக்குக் கீழேதான்.

அதே எட்டு ஜோடிக்கு ஃப்ளாப்பில் ஆட்டின் (ஹார்ட்ஸ்) பத்து, ஆட்டின் எட்டு, ஸ்பேடு நாலு வந்தால் காத்திருக்காதீர்கள். ஃப்ளஷ்ஷுக்கும் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஸ்ட்ரெய்ட்டுக்கும் (வரிசையாக ஐந்து சீட்டு) துரத்துபவர்கள் காசு கொடுத்துத்தான் அடுத்த சீட்டைப் பார்க்க வேண்டும். உடனே ரைஸ். ஒரு முறை அடித்துவிட்டு டர்னில் செக் செய்யும் (பந்தயம் வைக்காமல் விடும்) பழக்கம் உள்ளவரிடமும் காத்திருந்து பயனில்லை. அவர் நிறுத்திய இடத்திலிருந்து நீங்கள் பெட் வைக்க வேண்டும்.

இப்படிப் பொறுமையாகக் கால் போட, போனாலும் வீடு ஆட்டம் காணாத பணம் முன்னால் இருக்க வேண்டும். கடன் வாங்கி வந்தவரால் 8,000ஐப் பார்த்து நிதானமாக யோசிக்க முடியாது. அப்படி வந்தவர்களை நான் உட்கார விடுவதில்லை.

இன்னொன்று. ஏஸ் ஜோடி ரிவர்வரை வந்தாலும் அது ஒரே ஒரு ஜோடிதான். அவர் தானாக வைக்கும் பெட்டில் பிளஃப் நிறைய இருக்கும். ரிவரில் நீங்கள் வைத்த பெட்டின் மேல் அவர் பெரிய ரைஸ் அடிப்பது அப்படியல்ல. சின்ன மேசைகளில் நான் பார்த்தவரை அது பெரும்பாலும் நிஜம். மனசு வலித்தாலும் ஃபோல்டு செய்யுங்கள்.

அப்புறம், அவருக்கு இடப்பக்கம் நாற்காலி காலியானால் மாற்றித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அங்கே உட்கார்ந்தால் பெரும்பாலும் அவர் செய்வதைப் பார்த்த பிறகுதான் உங்கள் முறை வரும்.