லஃபீத்: ஒரு மேட்டின் பெயர்

உலகின் விலையுயர்ந்த மதுவகைகளைப் பற்றிய செய்திகளில் இந்தப் பெயர் அடிக்கடி வரும். தமிழில் லாபைட், லஃபைட், லாஃபிட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது லஃபீத். முழுப்பெயர் ஷத்தோ லஃபீத் ரோத்ஷில்ட். பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையில் மெதோக் என்ற வட்டாரம் இருக்கிறது. அங்கே போயாக் என்னும் ஊரில் உள்ள பண்ணையின் பெயர் இது. அந்தப் பண்ணையின் சிவப்பு மதுவுக்கும் இதுவே பெயர்.

முதல் சொல்லான ஷத்தோவை அகராதி பார்த்துக் கோட்டை என்றோ அரண்மனை என்றோ மொழிபெயர்த்துவிடுகிறோம். பிறப்பை மட்டும் பார்த்தால் அது சரிதான். படைப்பாசறையைக் குறிக்கும் கஸ்த்ரும் என்ற இலத்தீன் சொல், சிறுமைப் பொருளில் கஸ்தெல்லும் ஆயிற்று. அது பழைய பிரெஞ்சில் ஷஸ்தெல் என்று மாறி, இடையில் இருந்த 'ஸ்' உதிர்ந்து ஷத்தோவாக நின்றது. உதிர்ந்த எழுத்தின் நினைவாக இன்றும் அதன் முதல் உயிரெழுத்தின் தலையில் கூரை போன்ற ஒரு குறி இடுகிறார்கள். ஆனால் போர்தோவில் இச்சொல்லின் பொருள் வேறு. சொந்தமாகத் திராட்சை பயிரிட்டு, அதிலிருந்தே மது வடிக்கும் பண்ணைக்குத்தான் அங்கே ஷத்தோ என்று பெயர். நிலத்தில் மாளிகை இருக்கலாம், ஓட்டு வீடு மட்டும் இருக்கலாம், அது பொருட்டில்லை. குப்பியின் மேல் இந்தச் சொல்லை அச்சிட வேண்டுமானால் திராட்சை அந்தப் பண்ணையில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது பிரெஞ்சு விதி. ஆகவே தமிழில் தோட்டம் அல்லது பண்ணை என்பதே பொருந்தும். தேயிலைத் தோட்டம் என்று சொல்லும்போது நிலம், தொழிற்சாலை, துரை பங்களா எல்லாமே அதில் அடங்கிவிடுகின்றன அல்லவா, அதே பொருளில் தோட்டம்.

அடுத்த சொல்தான் என்னை நெடுநாள் பிடித்து வைத்திருந்தது. போர்தோ வட்டாரத்தின் பழைய பேச்சுமொழி கஸ்கோன். அதில் லா ஹித் என்றால் சிறு மேடு என்றும், அதுவே லஃபீத் ஆயிற்று என்றும் பண்ணையார்கள் விளக்கம் தருகிறார்கள். 1234ஆம் ஆண்டின் ஆவணத்தில், அருகிலுள்ள வெர்த்தேய் மடத்தின் தலைவராக கொம்போ தெ லஃபீத் என்பவர் குறிக்கப்படுகிறார். அதனால் இந்தப் பெயருக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டு வயதாவது இருக்கும்.

'ஹ' எப்படி 'ஃப' ஆனது என்று கேட்கலாம். உண்மையில் மாற்றம் நடந்தது எதிர்த்திசையில். இலத்தீனில் 'ஃப' என்று தொடங்கிய சொற்கள் கஸ்கோனில் 'ஹ' என்று தேய்ந்தன. நமக்கு இது புதிதில்லை. தமிழின் பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு. பிரெஞ்சு எழுத்தர்கள் பழைய 'ஃப'வை எழுதினார்கள், ஊர் மக்கள் 'ஹ' என்று பேசினார்கள். இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள்.

இடப்பெயர் ஆய்வு இன்னொரு வழியையும் காட்டுகிறது. தென்மேற்கு பிரான்சில் லஃபித், லாஹித் என்ற ஊர்ப்பெயர்கள் பல உண்டு. அவற்றுக்கு, ஊன்றுதல் என்ற பொருள்தரும் இலத்தீன் வினையிலிருந்து வந்த 'ஊன்றிய கல்' என்று பொருள் சொல்வார்கள். எல்லை காட்ட நட்ட கல் என்பது அதன் உட்பொருள். ஸ்பானிய மொழியில் எல்லைக்கல்லுக்கு ஈதோ என்று பெயர், அதுவும் இதே வேரில் கிளைத்தது. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இது நடுகல். ஆனால் நம்மிடம் நடுகல் போரில் வீழ்ந்த வீரனுக்கு உரிய சொல்லாகிவிட்டது, அதை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. எல்லைக்கல் என்பது போதும்.

மேடா, கல்லா? ஒலியையும் வேரையும் மட்டும் வைத்துப் பார்த்தால் கல்லின் பக்கமே வலு அதிகம் என்பது என் எண்ணம். எல்லைக்கல்லைத் தூரத்திலிருந்தே தெரியும்படி உயரமான இடத்தில் நடுவதுதான் வழக்கம் என்பதால், கல்லின் பெயர் மேட்டுக்கு ஏறியிருக்கவும் கூடும். பெயர் எங்கே தொடங்கியிருந்தாலும், இந்த மதுவுக்கு மேடுதான் உயிர். மெதோக் தாழ்வான நிலம். அதன் சதுப்புகளில் பலவற்றை 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் கால்வாய் வெட்டி வடித்தார்கள். அந்தத் தாழ்நிலத்தில் ஆங்காங்கே ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த சரளைக்கல் மேடுகள் புடைத்து நிற்கின்றன. குதிரையின் பின்புறத்தைக் குறிக்கும் குரூப் என்ற சொல்லால் அவற்றை அங்கே அழைக்கிறார்கள். நம் கண்ணுக்கு ஆமை முதுகு என்று தோன்றும். குன்று என்று சொன்னால் மிகையாகிவிடும், அவ்வளவு தாழ்ந்தவை. மழைநீர் சரளையில் தங்காமல் இறங்கிவிடுவதால் வேர் ஈரம் தேடி ஆழமாகப் போகிறது. பகலில் கற்கள் வாங்கிக்கொண்ட வெயில் இரவில் கொடிக்குத் திரும்பக் கிடைக்கிறது. மெதுவாகப் பழுக்கும் கபெர்னே சோவிஞோன் திராட்சை இங்கே நன்றாக முதிர்வதற்கு இதுவே காரணம். லஃபீத்தின் ஏறத்தாழ 112 ஹெக்டேர் நிலத்தில் பெரும்பகுதி அந்த வகைதான், அடுத்தது மெர்லோ.

மூன்றாவது சொல்லுக்கு அதிகம் தேட வேண்டியதில்லை. பிராங்பர்ட் நகரில், கதவின் மேல் சிவப்புக் கேடயம் பொறித்த ஒரு வீட்டில் வாழ்ந்த யூதக் குடும்பத்துக்கு அந்த அடையாளமே குடும்பப் பெயராயிற்று. ஜெர்மன் மொழியில் ரோத் என்றால் சிவப்பு, ஷில்ட் என்றால் கேடயம். அந்த வங்கிக் குடும்பத்தின் பாரிஸ் கிளையைச் சேர்ந்த ஜேம்ஸ் தெ ரோத்ஷில்ட் 1868 ஆகஸ்ட் 8 அன்று ஏலத்தில் பண்ணையை வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் இறந்தும்போனார். பண்ணை இன்றுவரை அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது.

புகழ் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே பெருமளவில் கொடி நட்டது செகுர் குடும்பம். அதில் வந்த நிக்கோலா அலெக்சாந்தர் தெ செகுரைத் 'திராட்சைக்கொடிகளின் இளவரசர்' என்று அழைத்தார்கள். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன் 1787இல் போர்தோவுக்கு வந்தபோது தலைசிறந்தவை என்று குறித்த நான்கு பண்ணைகளில் இதுவும் ஒன்று. பிரெஞ்சுப் புரட்சியில் அன்றைய உரிமையாளர் பிஷார் 1794இல் கில்லட்டினுக்கு இரையானார். 1855ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக போர்தோ தரகர்கள் விலையை அளவுகோலாகக் கொண்டு சிவப்பு மதுவகைகளை ஐந்து தரமாகப் பிரித்தபோது, முதல் தரத்தில் நான்கே பண்ணைகளை வைத்தார்கள். அந்தப் பட்டியலின் முதல் வரி லஃபீத். முதல் தரத்துக்கு அவர்கள் இட்ட பெயர் பிரமியே குரு. குரு என்பது வளர்தல் என்னும் வினையிலிருந்து வந்த சொல், அந்த நிலத்தில் வளர்ந்தது என்று பொருள். 'முதல் விளைச்சல்' என்று சொன்னால் தமிழில் மண்ணின் வாசனையும் கூடவே வந்துவிடும்.

இனி, குப்பிக்குள் இருப்பதை என்னவென்று சொல்வது? தமிழ் விவிலியம் திராட்சரசம் என்கிறது. அழகான சொல், ஆனாலும் ரசம் என்பது புளிக்காத சாற்றையும் குறிக்கும். மது என்பதோ சாராயம் முதல் கள் வரை எல்லாவற்றுக்கும் பொது. என் தேர்வு தேறல். தேறுதல் என்றால் தெளிதல். மனம் தேறியது, உடம்பு தேறியது என்று இன்றும் பேசுகிறோமே, அதே வினை. கலங்கல் அடங்கித் தெளிந்த கள்ளைச் சங்கப் புலவர்கள் தேறல் என்றார்கள். லஃபீத்தில் புளித்த சாறு மரப்பீப்பாய்களில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கிடக்கிறது. வண்டல் அடியில் படியப் படியத் தெளிவை வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள், முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து எஞ்சிய கலங்கலையும் இறக்குகிறார்கள். செய்முறையே சொல்லுக்குள் இருக்கிறது. சிவப்பு மதுவுக்குச் செந்தேறல் என்று எழுதலாம்.

அயல்நாட்டு மதுவுக்கு இந்தச் சொல்லை ஆள்வதில் நான் முதல்வன் இல்லை. பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' என்று புறநானூற்றின் 56ஆம் பாட்டில் சொல்கிறார். கடல் கடந்து வந்த திராட்சை மதுவைத்தான் அவர் குறிக்கிறார் என்பதே பெரும்பாலோர் கொள்ளும் பொருள்.

ஆகவே ஷத்தோ லஃபீத்தை மேட்டுத்தோட்டம் என்று விளக்கலாம், அங்கே வடிப்பதை மேட்டுத்தோட்டச் செந்தேறல் என்று சொல்லலாம். பெயர்ச்சொல் என்பதால் லஃபீத்தை அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை, பொருள் தெரிந்து வைத்துக்கொண்டால் சரி. மேடு என்பது உயர்ந்த மதுவுக்கு மிக எளிய சொல்லாகப் படுகிறதே என்பவர்கள் புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போய்வரலாம். 1945இல் அங்கே நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அந்த இடத்தின் பெயர் அரிக்கமேடு.