ஆற்றுக்கு அடியில் ஏறி வரும் கடல்

ஸ்பெயினில் படிக்கும் வாசகர் ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். அக்டோபரில் ஒருநாள், எப்ரோ ஆறு மத்தியதரைக் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரியுமார் கடற்கரைக்குப் போயிருக்கிறார். கூட்டமே இல்லை. மார்பளவுத் தண்ணீரில் நின்றபோது தோளில் குளிர்ச்சி, பாதத்தில் வெதுவெதுப்பு. வாயில் பட்ட தண்ணீரிலும் கடலின் கரிப்பு பாதிகூட இல்லையாம். "கிணற்றில் இறங்கினால் அடித் தண்ணீர்தானே ஜில்லென்று இருக்கும்? இங்கே ஏன் தலைகீழாக இருக்கிறது?" என்று கேட்கிறார்.

அந்தக் கடற்கரைக்கு நானும் போயிருக்கிறேன். கத்தலான் மொழியில் ரியு என்றால் ஆறு, மார் என்றால் கடல். இரண்டையும் சேர்த்து ஊருக்குப் பெயராக்கியிருக்கிறார்கள். மணல்மேடுகளை மிதிக்காமல் கடக்கப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் நீண்ட, தட்டையான மணல்வெளி. முதுகுப்பக்கம் திரும்பினால் நாணல், சேறு, கர்ஷால் என்ற ஆழமில்லாத காயல். அதற்கும் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். ஐரோப்பாவில் நிற்கிறோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிடும். இந்தக் கழிமுகத்தில் சுமார் 20,000 ஹெக்டேரில் நெல் விளைகிறது. பூநாரைகள் இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

ஆறு வண்டலைச் சுமந்து வரும், கடலைத் தொட்டதும் வேகம் குறையும், வண்டல் படியும், நிலம் வளரும். டெல்டா உருவாகும் கதை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எப்ரோ இப்படிச் சேர்த்த நிலம் ஏறத்தாழ 320 சதுர கிலோமீட்டர். 1937இல் வந்த பெருவெள்ளம் வடக்குப் பக்கமாகக் கரையை உடைத்துப் புது வாய் திறந்தது. இன்றைக்கு ஆறு அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. கர்ஷால் காயலும் அதற்குப் பின் பிறந்த நிலம்தான், என் அப்பாவைவிட வயதில் சின்னது.

சரி, வாசகரின் பாதத்துக்கு வருவோம். குளிர்ந்த தண்ணீர் கனமானது, அடியில் போகும். வெதுவெதுப்பான தண்ணீர் லேசானது, மேலே மிதக்கும். கிணற்றில் இது சரி. ஆனால் வெப்பத்தால் வரும் எடை வித்தியாசம் மிகச் சின்னது. ஐந்து டிகிரி சூடு கூடினால் தண்ணீரின் அடர்த்தி ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறையும். மத்தியதரைக் கடலிலோ ஒரு லிட்டருக்கு 38 கிராம் உப்பு இருக்கிறது. வெயிலில் ஆவியாகிப் போகும் அளவுக்கு ஆறும் மழையும் ஈடு செய்வதில்லை. அதனால் உலகக் கடல்களின் சராசரியான 35 கிராமைவிடக் கூடுதல். இந்த உப்பு, தண்ணீரின் அடர்த்தியை ஆயிரத்தில் 28 பங்கு கூட்டிவிடுகிறது. இருபத்தெட்டுக்கு முன்னால் ஒன்று எம்மாத்திரம்? இலையுதிர்காலத்தில் கடல் இன்னும் கோடைச் சூட்டோடு இருக்கும், ஆறு அதற்குள் குளிர்ந்திருக்கும். ஆனாலும் உப்பின் கனத்தால் வெதுவெதுப்பான கடல்நீர் அடியில் கிடக்கிறது, குளிர்ந்த ஆற்றுநீர் அதன்மேல் விரிப்புபோலப் பரவுகிறது. அவர் தோள் ஆற்றிலும் பாதம் கடலிலும் இருந்திருக்கின்றன.

இதோடு கேள்விக்குப் பதில் முடிந்துவிட்டது. ஆனால் இதே சங்கதி ஆற்றுக்குள் நடக்கும் விதம் இருக்கிறதே, எனக்கு நீரியலில் இதைவிடப் பிடித்த விஷயம் கிடையாது.

ரியுமாரில் இருந்து ஆற்றோடு உள்ளே போனால் தெல்தெப்ரே என்ற ஊர் வரும். கடலில் இருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். அங்கே படகில் போனபோது ஒரு கண்ணாடி பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கை போட்டு அடைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டி இறக்கினோம். அடியைத் தொட்டதும் தக்கையின் நூலைச் சுண்டினால் பாட்டில் அந்த ஆழத்துத் தண்ணீரில் நிறைந்துவிடும். மேலே இழுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான கடல். கைநீட்டி ஆற்றின் மேல்தண்ணீரை அள்ளினால் உப்பே இல்லை. ஆறு கண்ணெதிரே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் வயிற்றுக்கு அடியில், ஐந்தாறு மீட்டர் கீழே, கடல் எதிர்த் திசையில் ஊர்ந்து வந்து நாட்டுக்குள் படுத்திருக்கிறது.

இதற்கு உப்பு ஆப்பு என்று பெயர். மரம் பிளக்கத் தச்சர் அடிக்கும் ஆப்பின் வடிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடல் வாயில் தடிமனாக இருக்கும், உள்ளே போகப் போக மெலிந்து, நுனியில் கூராக முடியும்.

கடல் எப்படி மேட்டில் ஏறுகிறது? ஏறவே இல்லை. எப்ரோவின் கடைசி முப்பது கிலோமீட்டரில் ஆற்றுப் படுகையே கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கதவு திறந்தேதான் இருக்கிறது. வாயில் ஐந்து மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஐந்து மீட்டர் உயரக் கடல்நீர், மறுபக்கம் ஐந்து மீட்டர் உயர நன்னீர். கடல்நீர் 2.8 சதவீதம் கனம் கூட. ஐந்து மீட்டரில் 2.8 சதவீதம் என்பது 14 சென்டிமீட்டர். ஆகவே ஆறு சமமாக எதிர்த்து நிற்க வேண்டுமென்றால் அதன் மேல்மட்டம் கடலைவிட 14 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். ஆற்றின் வாயில் அந்த உயரம் இல்லை. அதனால் அடியில் கடலின் அழுத்தம் ஜெயிக்கிறது, கடல்நீர் உள்ளே நுழைகிறது.

ஆனால் ஆறு ஓடுகிறது. ஓட வேண்டுமென்றால் அதன் மேல்மட்டம் உள்ளே இருந்து கடலை நோக்கிக் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். அப்படியானால் வாயில் இருந்து உள்ளே போகப் போக மட்டம் மெல்ல உயர்கிறது, கிலோமீட்டருக்கு அரை சென்டிமீட்டர்போல. எங்கே அந்த உயர்வு 14 சென்டிமீட்டரை எட்டுகிறதோ, அங்கே இரண்டு அழுத்தமும் சமம். ஆப்பின் நுனி அங்கே நின்றுவிடும். தண்ணீர் வரத்து கூடினால் சரிவு கூடும், 14 சென்டிமீட்டர் சீக்கிரமே வந்துவிடும், ஆப்பு குட்டையாகும். வரத்து குறைந்தால் ஆப்பு நீளும். ஒரு சாணுக்கும் குறைவான உயரம், முப்பது கிலோமீட்டர் தூரத்தில் கடலை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

வீட்டில் செய்து பார்க்கலாம். நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்றின் நடுவில் ஓர் அட்டையைத் தடுப்பாக வையுங்கள். ஒரு பக்கம் சாதாரணத் தண்ணீர். மறுபக்கம் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, பீட்ரூட் சாறு விட்ட தண்ணீர். இரண்டையும் ஒரே மட்டத்துக்கு ஊற்றிவிட்டு, அட்டையை நேராக மேலே உருவுங்கள். சிவப்பு நாக்கு ஒன்று தரையோடு தரையாக நீண்டு போகும். மேலே நிறமில்லாத தண்ணீர் எதிர்த் திசையில் வழியும். இரண்டும் உரசும் இடத்தில் சின்னச் சின்ன சுருள்கள் எழும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள்.

அந்தச் சுருள்களுக்கு ஆற்றிலும் வேலை இருக்கிறது. மேலே ஓடும் நன்னீர், ஆப்பின் முதுகில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீரைச் சுரண்டி எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. சுரண்டிய அளவை ஈடுகட்ட அடியில் புதுக் கடல்நீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஆப்பு நிற்பதாகத் தெரியும், ஆனால் அதற்குள் இருக்கும் தண்ணீர் மெதுவாக மாறிக்கொண்டிருக்கும்.

தண்ணீருக்குள் இன்னொரு தண்ணீர்ப்பரப்பு ஒளிந்திருக்கிறது என்றும் சொல்லலாம். அந்தப் பரப்பிலும் அலை எழும். இரு பக்கமும் எடை வித்தியாசம் மூன்று சதவீதம்கூட இல்லை என்பதால் அந்த அலைகள் உயரமாக எழும், நிதானமாக நகரும், மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. 1893இல் நார்வே நாட்டுத் துருவப் பயணி நான்சென் தன் ஃபிராம் கப்பலில் சைபீரியாவின் வடகரையோரம் போனபோது, பனி உருகிய நன்னீர் மூடிய கடலில் காரணமே தெரியாமல் கப்பலின் வேகம் செத்துப்போனது. கப்பலின் உந்துதல் எல்லாம் அடியில் ஒளிந்திருந்த அலைகளை எழுப்புவதில் கரைந்துபோகிறது என்று 1904இல் சுவீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் விளக்கினார்.

அப்புறம், எல்லா ஆற்றிலும் ஏன் இப்படி இல்லை? ஓதம்தான் காரணம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது. லண்டன் பாலத்தடியில் தேம்ஸ் ஆற்றின் மட்டம் ஓத ஏற்ற இறக்கத்தில் ஆறு மீட்டர் அளவுக்கு மாறும். அவ்வளவு தண்ணீர் தினமும் இரண்டு தடவை உள்ளேயும் வெளியேயும் புரண்டால், மோர் கடைந்ததுபோல உப்பும் நன்னீரும் கலந்துவிடும். மத்தியதரைக் கடல் ஜிப்ரால்டரில் குறுகலான வாயோடு ஏறக்குறைய மூடிக் கிடக்கும் கடல். எப்ரோ வாயில் ஏற்ற இறக்கம் மொத்தமே ஒரு சாண். கடைவதற்கு மத்து இல்லை. அதனால் அடுக்கு கலையாமல் நிற்கிறது. 

இனி எனக்கு ஆதங்கமான பகுதி. எப்ரோவில் வரத்து விநாடிக்கு சுமார் 400 கனமீட்டருக்கு மேல், நம் மேட்டூர்க் கணக்கில் 14,000 கனஅடிக்கு மேல் போனால், ஆப்பு முழுவதுமாக வெளியே தள்ளப்பட்டுவிடும். குறைந்தால், கடலில் இருந்து 18 கிலோமீட்டரில் இருக்கும் கிராசியா தீவு வரை வரும். 3,500 கனஅடிக்கும் கீழே இறங்கினால் முப்பது கிலோமீட்டர் தாண்டி அம்போஸ்தா ஊர்ப் பக்கம் வரை வந்துவிடும். ஆப்பு நீளமாக, நெடுநாள் தங்கினால் என்ன கெடுதல்? மேலே ஓடும் நன்னீர் மூடிபோல அடைத்துக்கொள்வதால் அடித்தண்ணீருக்குக் காற்று கிடைக்காது. மேலே இருந்து செத்த பாசியும் இலையும் விழுந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கிற ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். பிறகு ஆற்றின் அடித்தளத்தில் சிப்பியும் புழுவும் வாழ முடியாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, "கடலில் வீணாகக் கலக்கும் நீர்" என்ற சொல்லைச் செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. நாம் மட்டும் சொல்வதில்லை, ஸ்பெயினிலும் இதே பேச்சுதான். 2001இல் அந்த நாட்டு அரசு எப்ரோவில் இருந்து ஆண்டுக்கு 105 கோடி கனமீட்டர், அதாவது சுமார் 37 டி.எம்.சி. தண்ணீரைத் தெற்கே கொண்டுபோகத் திட்டம் போட்டது. கழிமுகத்து மக்கள் 'ஆறுதான் உயிர்' என்று எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 2004இல் புது அரசு அதைக் கைவிட்டது. கடலுக்குப் போகும் தண்ணீர் சும்மா போகவில்லை. அந்த 14 சென்டிமீட்டரை அது தாங்கிப் பிடித்திருக்கிறது. அதை வீண் என்று சொல்வது என் பார்வையில் மூடநம்பிக்கைதான். படித்தவர்களும் பொறியாளர்களும் சொல்வதால் அது அறிவியலாகிவிடாது.

வண்டல் விஷயம் இன்னும் மோசம். 1960களில் கட்டிய மெக்கினென்சா, ரிபா ரோஜா அணைகளுக்குப் பின், கடலுக்கு வந்துசேரும் வண்டல் ஒரு சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2020 ஜனவரியில் குளோரியா புயல் வந்தபோது நெல்வயல்களைக் கடல் மூடியது, தெற்கே இருக்கும் திரபுகதோர் மணல்திட்டு அறுந்துபோனது. எல்லாப் பழியையும் அணைமேல் போடவும் கூடாது. கழிமுகத்தின் பழைய முனையில் இருக்கும் புடா தீவில் 1864இல் கட்டிய இரும்புக் கலங்கரை விளக்கம் 1961இலேயே கடலுக்குள் சாய்ந்துவிட்டது, இந்த இரண்டு அணைகளுக்கும் முன்பே. 1937இல் ஆறு வாயை மாற்றியதும் பழைய முனைக்கு வண்டல் வரத்து நின்றுவிட்டது. ஆறு இடம் மாறினால் கடல் கடனைத் திருப்பிக் கேட்கும்.

இதையெல்லாம் நாம் சொல்ல முடிகிறதென்றால், யாரோ பல பத்தாண்டுகளாகப் படகில் போய் உப்பளவும் ஆழமும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த மாதிரி வேலைக்குத்தான் பணம் கிடைப்பது சிரமம். மூன்று வருடத் திட்டம், முடிவில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்றால் நிதி வரும். முப்பது வருடம் ஒரே இடத்தில் அளப்பேன் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆப்பு வறட்சிக்கு வறட்சி எவ்வளவு உள்ளே வருகிறது என்பதை வேறு எப்படித் தெரிந்துகொள்வது? என் கையில் அதிகாரம் இருந்தால் ஒவ்வொரு கழிமுகத்திலும் ஓர் உப்புமானியும், அதைப் பார்த்துக்கொள்ள நிரந்தரச் சம்பளத்தில் ஒருவரையும் வைப்பேன்.

வாசகருக்கு ஒரு யோசனை. எப்ரோவில் நீர்க்கொடிகள் அடர்ந்துவிடுவதால், அவற்றை அடித்துப்போக வசந்தகாலத்திலும் இலையுதிர்காலத்திலும் அணையில் இருந்து செயற்கையாக வெள்ளம் விடுகிறார்கள். அதற்கு முந்தின நாள் தெல்தெப்ரேயில் ஒரு படகு பிடித்து, கல் கட்டிய பாட்டிலை இறக்கிப் பாருங்கள். வெள்ளம் வந்த மறுநாள் அதே இடத்தில் இன்னொரு தடவை இறக்குங்கள். இரண்டு பாட்டிலையும் ருசி பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ஆற்றுவாயில் நீந்த மட்டும் வேண்டாம். மேலே இருக்கும் தண்ணீர் ஒரு திசையில் இழுக்கும், கீழே இருப்பது வேறு திசையில் இழுக்கும்.