எர்த் பின்னை அறுக்காதீர்கள், லேன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் போன வாரம் மறுபடியும் அதே காட்சி. ஆம்ப்ளிஃபையரின் மூன்று பின் பிளக்கில் மேலே இருக்க வேண்டிய தடித்த பின்னைக் காணோம். பிளேடால் அறுத்த தடம் இன்னும் பளபளத்தது. "எர்த்தை எடுத்துவிட்டால் ஸ்பீக்கரில் வரும் உறுமல் நின்றுவிடும் என்றார்கள், நின்றுவிட்டது" என்றார் வீட்டுக்காரர். நின்றது உண்மைதான். ஆனால் இனிமேல் அந்தப் பெட்டிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் அது வெளியேற வழி கிடையாது, தொடுகிறவரின் உடம்பைத் தவிர. மழைக்காலத்தில் சுவரெல்லாம் நீர் பூக்கும் ஊரில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வால்யூமைத் திருகும் வீட்டில், செய்யக்கூடிய காரியமா இது? நீலகிரியில் வீடுகளுக்கு ஒலிக்கருவிகளும் நெட்வொர்க்கும் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இந்த அறுத்த பின்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை போய்விட்டது.

உறுமல் எங்கிருந்து வந்தது? பழைய பங்களா, கனத்த கல் சுவர், வைஃபை தாண்டாது. பிற்பாடு கட்டிய பகுதியில் இருக்கும் அலுவலக அறையிலிருந்து கூடத்தில் உள்ள ஸ்ட்ரீமருக்கு (நெட்வொர்க்கிலிருந்து பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கும் பெட்டி) லேன் கேபிள் இழுத்திருந்தார்கள். இரண்டு பகுதிக்கும் வெவ்வேறு எர்த் குழி. பாறை நிலத்தில் இரண்டு குழியும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பது அபூர்வம். சாதாரண லேன் கேபிளாக இருந்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. யாரோ சொன்னார்கள் என்று, உலோக உறையும் உலோக முனையும் கொண்ட விலை உயர்ந்த கேபிளைப் போட்டிருந்தார். இரண்டு எர்த்தையும் அந்த உறை இணைத்துவிட்டது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதன் வழியாகவே கூடத்துக்கு நடந்து வந்து ஸ்பீக்கரில் உட்கார்ந்துகொண்டது.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பாட்டை நிறுத்திவிட்டு, வழக்கமான வால்யூமில் ஸ்பீக்கரில் காதை வையுங்கள். ஸ்ட்ரீமரின் பின்னால் உள்ள லேன் கேபிளைக் கழற்றுங்கள். உறுமலோ சரசரப்போ சட்டென்று நின்றால் அது நெட்வொர்க் வழியாக வருகிறது. நிற்கவில்லையென்றால் செம்பு லேன் கேபிளுக்குப் பதில் மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை, அதாவது ஃபைபர், போடச் செலவு செய்யாதீர்கள், கோளாறு வேறிடத்தில்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஃபைபர்தானே சார்?" இதற்குப் பதில் சொல்லியே தொண்டை வற்றிவிட்டது. தெருக் கம்பத்திலிருந்து உங்கள் வீட்டு மோடம் வரைதான் அது ஃபைபர். மோடத்தில் ஒளி மின்சாரமாக மாறிவிடுகிறது. அங்கிருந்து ரவுட்டர், ஸ்விட்ச், ஸ்ட்ரீமர் எல்லாமே செம்பு. உங்கள் கம்ப்யூட்டரின் எர்த்தும், யுபிஎஸ்ஸின் கசிவும், மலிவு அடாப்டரின் இரைச்சலும் ஏறுவது இந்தக் கடைசிச் செம்பில்தான். வெளியே எத்தனை கிலோமீட்டர் கண்ணாடி இழை ஓடினாலும் உள்ளே நடப்பதை அது தடுக்காது.

இதன் உடன்பிறப்பு இன்னொரு நம்பிக்கை: ஃபைபர் போட்டால் பாட்டே இனிமையாகிவிடும் என்பது. ஆகாது. பாட்டின் தகவல் செம்பிலும் முழுசாகவே வருகிறது. வழியில் குறைந்தால் ஸ்ட்ரீமர் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறது. பாட்டு ஓடும்போது கேபிளைப் பிடுங்குங்கள், சேமித்து வைத்ததிலிருந்து சில நொடிகளாவது ஓடும். சிடி தரத்துக்குத் தேவை சுமார் 1.4 எம்பிபிஎஸ். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றாலும் பத்தைத் தாண்டாது. ஃபைபர் செய்வது ஒன்றே ஒன்று: நடுவில் மின்சாரம் போகும் வழியைத் துண்டிக்கிறது. எர்த்தைத் தொடாமலே உறுமலை நிறுத்த அது போதும்.

முதலில் பிளாஸ்டிக் முனை கொண்ட, உறையில்லாத சாதாரண கேபிளை மாட்டிப் பாருங்கள். நான் போகும் வீடுகளில் பாதிக்கு அதோடு வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பங்களாவிலும் உறுமல் அதிலேயே அடங்கியது; லேசான சரசரப்பு மட்டும் மிஞ்சியது, அதற்கும் இடிக்கும் சேர்த்துத்தான் ஃபைபர் போட்டோம். ரவுட்டர் பக்கம் ஒரு மீடியா கன்வெர்ட்டர் (மின்சாரத்தை ஒளியாகவும் ஒளியை மின்சாரமாகவும் மாற்றும் சிறு பெட்டி), ஸ்ட்ரீமர் பக்கம் ஒன்று, நடுவில் ஆயத்த ஃபைபர் கேபிள். ஒற்றை இழை வகை என்றால் ஒன்று 1310, மற்றது 1550 நானோமீட்டர் அலைநீள ஒளியை அனுப்பும் எதிரெதிர் ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரே மாதிரி இரண்டு பேசிக்கொள்ளாது. ஸ்ட்ரீமர் 100 எம்பிபிஎஸ் மட்டுமே ஏற்பதாக இருந்தால், கிகாபிட் மட்டும் தெரிந்த கன்வெர்ட்டர் அதோடு இணையாது. ஸ்ட்ரீமர் பக்கத்துக் கன்வெர்ட்டரின் அடாப்டர் மட்டமானதாக இருந்தால், துரத்திய சரசரப்பை நீங்களே திரும்பக் கூப்பிட்டதாகிவிடும்.

இடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மலையில் இடி விழும்போது, கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் நீளமான செம்பு லேன் கேபிள்தான் போர்ட்டுகளை எரிக்கிறது. அவுட்ஹவுஸுக்கு இழுப்பவர்கள் ஃபைபரே இழுங்கள். கம்பத்தில் கட்டும் ஃபைபரில் பக்கத்திலேயே இரும்புக் கம்பி ஓடுவதுண்டு. அதை வெளிச் சுவரிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். கம்பியோடு வீட்டுக்குள் கொண்டுவந்தால் ஃபைபர் போட்டதில் பாதிப் பயன் போய்விட்டது.

ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்காதீர்கள். வந்தாலும் தெரியாது, கண்ணுக்குத்தான் கேடு. பச்சை நிற ஃபைபர் முனையை நீல நிறத் துளையில் செருகாதீர்கள். 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளைக்காதீர்கள். மூடியைக் கழற்றினால் திரும்பப் போடுங்கள், பனிமூட்டத்தின் ஈரம் சும்மா விடாது. பழைய லேன் கேபிளையும் கூடவே மாட்டி வைக்காதீர்கள். எல்லாம் செய்த பிறகும் உறுமினால், ஆம்ப்ளிஃபையரிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவின் கேபிள் வழியாக இன்னொரு எர்த் உள்ளே வந்திருக்கும்.