யூவி இல்லாத கேட் மாடலில் டெக்ஸ்சர் எப்படி உட்காருகிறது?

கேட் (CAD) என்ற கணினி வடிவமைப்பு மென்பொருளில் வரைந்த ஒரு பாகத்தை, அதை நிஜப் படம்போல் காட்டும் ரெண்டரிங் மென்பொருளுக்குள் கொண்டுவந்து, நல்ல மர டெக்ஸ்சர் ஒன்றை, அதாவது மரப் பரப்பின் படத்தை, அதன்மேல் போட்டால் பல நேரம் மரமே தெரியாது. மாடல் முழுக்க ஒரே பழுப்பு நிறம் அப்பியிருக்கும், இல்லையென்றால் சில பரப்புகளில் ரேகைகள் கோடு கோடாக இழுபட்டுக் கிடக்கும். படம் சரியில்லை என்று நினைத்து வேறு படம் தேடிப் போகிறவர்கள் நிறைய. படத்தில் ஒரு குறையும் இருக்காது. மாடலின் எந்த இடத்தில் படத்தின் எந்தப் புள்ளி வர வேண்டும் என்ற தகவல்தான் அங்கே இல்லை.

அந்தத் தகவலுக்குப் பெயர்தான் யூவி. தைத்த சட்டையைப் பிரித்துத் தட்டையாக விரித்து வைப்பது மாதிரி, முப்பரிமாணப் பரப்பை ஒரு சதுரத்துக்குள் விரித்து, ஒவ்வொரு முனைக்கும் இரண்டு எண்களைக் கொடுத்துவிடுவார்கள். வளைந்த பரப்பின்மேல் படத்தைப் பொருத்தும் இந்த வழியை எட் கேட்மல் 1974-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டினார். அந்த எண்கள் இல்லாதபோது பல மென்பொருள்கள் எல்லா முனைக்கும் பூஜ்யம், பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கின்றன. அதாவது மாடலின் எல்லா இடமும் படத்தின் ஒரே மூலையைப் படிக்கிறது, அதனால்தான் அந்த ஒரே நிறம்.

சரி, கேட் மாடலில் மட்டும் ஏன் இது இருப்பதில்லை? உள்ளுக்குள் அது முக்கோணங்களால் ஆனதே இல்லை. நர்ப்ஸ் எனப்படும் வளைபரப்புகள், உருளைகள், தளங்கள் என்று கணிதச் சமன்பாடுகளாகவே இருக்கிறது. பார்க்கப்போனால் ஒவ்வொரு நர்ப்ஸ் பரப்புக்கும் சொந்தமாக யூ, வி அளவுகள் உண்டு. ஆனால் அவை அந்தப் பரப்போடு சரி, பக்கத்துப் பரப்பின் அளவோடும் திசையோடும் ஒட்டாது. ரெண்டரிங்குக்குப் போகும்போது இதெல்லாம் முக்கோண மெஷ்ஷாக, அதாவது முக்கோணங்களால் ஆன வலையாக உடைக்கப்படுகிறது, எஸ்டிஎல் கோப்பாக எடுத்தால் முக்கோணங்களின் முனைகளும் திசையும்தான் மிஞ்சும், யூவி வைக்க அதில் இடமே கிடையாது. கையால் விரித்து யூவி போடலாம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான பரப்புகளும் ஊசி போன்ற மெல்லிய முக்கோணங்களும் கொண்ட மெஷ்ஷில் அது பெரும் பாடு, போதாததற்கு டிசைனர் ஒரு துளையின் விட்டத்தை மாற்றி மறுபடி ஏற்றுமதி செய்தால் மெஷ்ஷே புதிதாகிவிடும், பார்த்த வேலை அத்தனையும் போச்சு.

கேட் மாடலுக்கு யூவி போடுவதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். ஒரு புள்ளி எங்கே இருக்கிறது, அந்தப் பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் படத்தின் இடத்தை அந்தக் கணமே கணக்கிட்டுவிடலாம். பாக்ஸ் மேப்பிங் செய்வது அதைத்தான். பரப்பு மேலே பார்த்தால் மேலிருந்தும், பக்கவாட்டில் பார்த்தால் பக்கத்திலிருந்தும் படத்தைப் பாய்ச்சுகிறது. கோணல்மாணல் இல்லாத பாகங்களுக்கு இதுவே போதும். சிக்கல் வருவது விளிம்பை உருட்டிய ஃபில்லெட்டில். திசை மெல்லத் திரும்பி 45 டிகிரியைத் தாண்டும் இடத்தில் ஒரு படம் நின்று இன்னொன்று தொடங்குவதால், அங்கே ஒரு கோடு பளிச்சென்று தெரியும்.

அந்தக் கோட்டை மறைப்பதுதான் ட்ரைபிளேனர். மூன்று அச்சுகளிலிருந்தும் படத்தை எடுத்து, பரப்பின் திசையைப் பொறுத்துக் கலக்கிறது. ஃபில்லெட்டில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம், அதன் நார்மல், அதாவது பரப்பு பார்க்கும் திசையின் எக்ஸ், ஒய், இசட் எண்கள், 0.8, 0.6, 0. இவற்றை 4-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 0.41, 0.13, 0, இதன் விகிதப்படி எக்ஸ் அச்சின் படம் 76 சதவீதமும் ஒய் அச்சின் படம் 24 சதவீதமும் கலக்கும். அடுக்கை 8 ஆக்கினால் 91-க்கு 9 என்று ஆகிவிடும். அடுக்கு கூடக்கூடக் கலக்கும் பட்டை குறுகும், பழையபடி பாக்ஸ் மேப்பிங் மாதிரி ஆகும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இமேஜ் டெக்ஸ்சர் நோடை பாக்ஸ் புரொஜெக்‌ஷனுக்கு மாற்றினால் வரும் பிளெண்ட் அளவும் இந்தக் கலப்பைக் கட்டுப்படுத்துவதற்குத்தான். கான்கிரீட், தோல், சொரசொரப்பான பிளாஸ்டிக்குக்கு இது அருமையாக இருக்கும். கார்பன் ஃபைபர் நெசவுக்கு வேண்டாம், இரண்டு நெசவுகள் ஒன்றன்மேல் ஒன்று மங்கலாகத் தெரியும்.

படமே இல்லாமல் செய்யும் வழியும் உண்டு. 1985-இல் கென் பெர்லினும் டார்வின் பீச்சியும் தனித்தனியாகக் காட்டிய திட டெக்ஸ்சர் அது. முப்பரிமாண வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தை ஒரு சூத்திரம் சொல்கிறது, பரப்பு அதில் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த நிறம் தெரிகிறது. மரத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கவாட்டில் நீள ரேகையாக ஓடுவது வெட்டுமுனையில் வளையமாகத் தானாகவே வரும், இதைப் படத்தை ஒட்டிக் கொண்டுவருவது ரொம்பச் சிரமம்.

எந்த வழியில் போனாலும் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, கணக்கு பாகத்தின் சொந்த ஆயத்தொலைவுகளில் நடக்கிறதா, காட்சியின் ஆயத்தொலைவுகளில் நடக்கிறதா என்பது. காட்சியோடு கட்டியிருந்தால் அனிமேஷனில் பாகம் நகரும்போது ரேகை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும். அப்புறம் அலகு. எஸ்டிஎல்லில் அலகு என்பதே பதிவாகாது, மில்லிமீட்டரில் வரைந்ததை மென்பொருள் மீட்டராக எடுத்துக்கொண்டால் 1000 மடங்கு வித்தியாசம், டெக்ஸ்சர் தூசியாகப் பொடிந்து தெரியும்.

யூவி உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. பிரஷ் செய்த உலோகத்தில் ஒளி ஒரு திசையில் நீள்வதற்குப் பரப்பின்மேல் ஒரு திசை தெரிந்தாக வேண்டும், அதைப் பெரும்பாலும் யூவியிலிருந்துதான் எடுப்பார்கள். வளைந்து செல்லும் குழாயைச் சுற்றி ஓடும் கோடுகளுக்கும் அதே நிலைமை. அங்கேயும் மாடல் முழுவதையும் விரிக்கத் தேவையில்லை, அந்தப் பாகத்தை மட்டும் பிரித்தெடுத்து விரித்தால் போதும். லோகோ, எழுத்து போன்றவற்றுக்கு அதுவும் வேண்டாம், ஒரு டீக்காலை, அதாவது ஸ்டிக்கர் போன்ற சிறு படத்தை, அந்த இடத்தின்மேல் நேராகப் பாய்ச்சிவிடலாம், அடியில் இருக்கும் ட்ரைபிளேனர் பாட்டுக்கு இருக்கும்.