ரூக்கி ஒப்பந்தம்: புதுமுகமா, நுழைவா?

ஆளுக்கொரு கற்பனை அணியை நடத்தி விளையாடும் சிமுலேஷன் லீக்கில் ஆட்டத்தைக் கணினி ஆடிவிடும். அணியை நடத்துபவருக்கு மிஞ்சுவது கணக்கு வழக்குதான். அந்தக் கணக்கில் ஓயாமல் அடிபடும் சொற்கள் இரண்டு: புதிதாக வரும் வீரரின் முதல் ஒப்பந்தமான ரூக்கி ஒப்பந்தம், அணியின் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு கட்டும் சாலரி கேப். இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ரூக்கி என்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலப் படைவீரர்களின் பேச்சில் புழங்கிய சொல். படைக்குப் புதிதாக ஆள் சேர்ப்பதைக் குறிக்கும் 'ரெக்ரூட்' தேய்ந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பது பொதுவான கருத்து. பிறகு அது அமெரிக்க பேஸ்பாலுக்குள் வந்து, முதல் சீசன் ஆடுபவரைக் குறிக்கத் தொடங்கியது. தமிழில் இதற்குப் 'புதுமுகம்' அழகாகவே பொருந்துகிறது.

ஆனால் 'புதுமுக ஒப்பந்தம்' என்று சொன்னால் இடிக்கிறது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுக்கப்பட்டவரின் ஒப்பந்தம் 4 ஆண்டு ஓடும். நான்காம் ஆண்டில் அவர் அணியின் நட்சத்திரமாகவே இருக்கலாம், சம்பளம் மட்டும் ரூக்கி ஒப்பந்தப்படிதான். ஆள் பழசு, ஒப்பந்தம் புதுமுகம் என்றால் கேட்பவர் குழம்பமாட்டாரா? வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் இதை ஆங்கிலத்திலேயே 'என்ட்ரி லெவல்' ஒப்பந்தம் என்கிறது. அந்த வழியில் 'நுழைவு ஒப்பந்தம்' என்பதே என் தேர்வு. ஆளுக்குப் புதுமுகம், தாளுக்கு நுழைவு.

சரி, இந்தத் தாளுக்கு ஏன் இத்தனை மவுசு? 2010 என்எஃப்எல் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டு 6 ஆண்டுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றார். 2011-இல் வீரர் சங்கத்தோடு புது உடன்படிக்கை வந்து, புதியவர்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டது. அந்த ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம்தான். சிமுலேஷன் லீக்குகள் பலவும் இந்த மாதிரியைப் பின்பற்றுகின்றன. அணியின் மொத்தச் சம்பளம் 100 என்று வரம்பு இருக்கையில், சந்தையில் 25 பெறக்கூடியவர் நுழைவு ஒப்பந்தத்தில் 5-க்கு ஆடினால், மிச்சம் 20-ஐ வேறு வீரர்களுக்குச் செலவிடலாம். வரம்பே இல்லாத லீக்கில் இந்த லாபத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்காது.

அப்புறம் அந்த 'கேப்'. நேர்ப்பொருள் தொப்பி என்றாலும், மேலே போகவிடாமல் மூடுவது என்ற பொருளில் வருகிறது. 'சம்பளத் தொப்பி' என்று யாரும் எழுதிவிட வேண்டாம். நில உச்சவரம்பு என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் 'ஊதிய உச்சவரம்பு' என்றால் யாருக்கும் புரியும். பேச்சில் 'சம்பள வரம்பு' போதும். வயல் வரப்பைக் குறிக்கும் 'வரம்பு'தான் எல்லை என்ற பொருளிலும் வழங்குகிறது.

இதில் இரண்டு வகை உண்டு. என்எஃப்எல் 1994-இல் கொண்டுவந்தது 'ஹார்டு கேப்', அதாவது இறுக்க வரம்பு: புதியவரின் சம்பளமும் அதற்குள் அடங்க வேண்டும். கூடைப்பந்து லீக்கான என்பிஏ 1984-85 சீசனில் கொண்டுவந்தது 'சாஃப்ட் கேப்', அதாவது நெகிழ் வரம்பு: அதில் விதிவிலக்குகள் உண்டு. டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்தவரை வரம்பு நிரம்பிய பிறகும் ஒப்பந்தம் செய்யலாம். புது லீக்கில் சேருபவர் இரண்டில் எது என்று டிராஃப்டுக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. இறுக்க வரம்பு என்றால் தேர்வான வீரருக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.